சிறப்பு வரியுருக்களை மாற்றிக் குறித்தல்

சிறப்பு வரியுருக்களை மாற்றிக் குறித்தல் என்பது, எச்.டி.எம்.எல். மொழியில் தனிப்பொருள் கொண்ட குறிகளை வெறும் எழுத்துகளாகவே திரையில் காட்டுவதற்குப் பயன்படும் முறையாகும். ஆங்கிலத்தில் இது எஸ்கேப்பிங் எனப்படுகிறது. மாற்றிக் குறித்தவற்றைப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது அன்எஸ்கேப்பிங் ஆகும்.

தேவை

வலைப்பக்கத்தின் கோப்பில் படிப்பதற்கான உரையும் உலாவிக்கான கட்டளைகளும் கலந்தே இருக்கின்றன. < என்னும் குறியை அடுத்து இடைவெளியின்றி ஆங்கில எழுத்து வந்தால், உலாவி அதைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொள்கிறது. எக்ஸ், ஒய் எழுத்துகளுக்கு நடுவே இக்குறியை இட்டு ஒரு சமனிலியை எழுதினால், அடுத்த > குறி வரையுள்ள பகுதி திரையில் தோன்றாது. 5 < 10 என எழுதினால் இச்சிக்கல் எழுவதில்லை.

குறியீடுகள்

& குறி, # குறி, வரியுருவின் யூனிகோடு எண், அரைப்புள்ளி ஆகியவற்றை இவ்வரிசையில் எழுத வேண்டும்.

& : &#38;
< : &#60;
> : &#62;
" : &#34;
' : &#39;

இவ்வைந்துக்கும் 1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல். 1.0 தரத்தில் பெயர்வழிக் குறியீடுகளும் உள்ளன. எந்த எழுத்தையும் எண்ணால் குறிக்கலாம்; எடுத்துக்காட்டாக, 'அ' என்பதற்கு &#2949; என எழுதலாம்.

வரிசை

மாற்றும்போது & குறியை முதலில் மாற்ற வேண்டும். இல்லையெனில், &#60; என்பதில் உள்ள & குறியும் மாறி &#38;#60; ஆகிவிடும்; படிப்பவருக்கு < குறிக்குப் பதிலாக &#60; என்றே தெரியும். ஒரே உரையை இருமுறை மாற்றினாலும் இதே பிழை நேரும். மீட்கும்போது & குறியைக் கடைசியில் மீட்க வேண்டும்.

பாதுகாப்பு

பயனர் தட்டச்சு செய்த உரையை மாற்றாமல் அப்படியே பக்கத்தில் வெளியிட்டால், அதில் ஒளித்து வைத்த நிரல் பிறருடைய உலாவியில் இயங்கக்கூடும். அவர்களின் உள்நுழைவுத் தகவல் திருடப்படலாம். இத்தாக்குதல் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் எனப்படுகிறது. இதைத் தவிர்க்க, உரையைத் தரவுத்தளத்தில் மூல வடிவில் சேமித்து, பக்கத்தில் காட்டும் வேளையில் ஒரே ஒருமுறை மாற்றுவது நல்ல வழக்கமாகும்.

மாற்றும் முறை உரை இடம்பெறும் இடத்தைப் பொறுத்தது. வலை முகவரியில் இடைவெளியை %20 எனக் குறிக்க வேண்டும். அங்கு மேற்கண்ட ஐந்து குறியீடுகள் மட்டும் போதா.