திண்டுக்கல் எங்கே முடிகிறது?

மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தால் திண்டுக்கல் எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி, சீலப்பாடி என்று மொட்டைமாடிகள் நீண்டுகொண்டே போகின்றன. காகிதத்திலோ கணக்கு கறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நகராட்சியின் பரப்பு சுமார் 14 சதுர கிலோமீட்டர்; அதற்குள் 2,07,327 பேர்.

எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் கிராமமா? அப்படியும் இல்லை. நகராட்சி, பேரூராட்சி என்ற பட்டம் இல்லாத ஊரையும் கணக்கெடுப்புத் துறை நகரமாகக் கொள்ளும். அதற்கு 5,000 பேராவது வாழ வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். பெயர்ப்பலகையில் ஊராட்சி, கணக்கில் நகரம்!

செயற்கைக்கோளுக்கு இந்த எல்லைகள் தெரியாது. 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் வரிசையும், பத்து மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கும் சென்டினல்-2உம் ஒளியை மட்டுமே பதிவு செய்கின்றன. கான்கிரீட் ஒருவிதமாக ஒளியைத் திருப்பி அனுப்பும். தென்னந்தோப்பு வேறுவிதமாக அனுப்பும். அந்த வேறுபாட்டைக் கொண்டு கணினி கட்டடங்களைப் பிரித்தெடுக்கிறது. சில சமயம் ஏமாந்தும் போகிறது: மொட்டைப் பாறையும், கோடையில் காய்ந்து கிடக்கும் உழுத நிலமும் கட்டடம்போலத் தோன்றக்கூடும்.

கட்டடம் தெரிந்தாலும் ஆள் தெரிவதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் கூரை ஒரு தெருவையே மூடும் அளவு பெரிது. இரவில் அதன் கீழே உறங்குவோர் எத்தனை பேர்? சின்னாளபட்டி நெசவாளர் வீட்டில் பாதி இடத்தைத் தறியே பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டால்தான் அறியலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படத்தையும் கணக்கெடுப்பையும் சேர்க்கிறார்கள். 2011இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 21,59,775. பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 350 பேர். கொடைக்கானல் காடும் சிறுமலைச் சரிவும் நகரத்தின் நெரிசலான பேகம்பூரும் அந்தச் சராசரியில் ஒன்றாகிவிடுகின்றன. நகரத்தில் மட்டும் உண்மையான அடர்த்தி 15,000ஐ நெருங்கியது! அதனால் ஒவ்வோர் ஊரின் தலைக்கணக்கையும், அந்த ஊரில் கட்டடம் தெரியும் வரைபடக் கட்டங்களுக்கு மட்டும் பங்கிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் உலகம் முழுமைக்கும் இப்படி வரைபடம் தயாரிக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் கட்டத்தில் 1,500 பேராவது வேண்டும். அத்தகைய கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு, மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது நகர மையம். நாடுகளை ஒப்பிட இந்த அளவுகோலை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020இல் ஏற்றது. நிர்வாக எல்லைக் கோட்டுக்கு அதில் வேலையே இல்லை.

ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரை எந்தத் தெருவரை கொண்டுபோவது, புதிய பள்ளியை எங்கே கட்டுவது என்று முடிவெடுக்க இந்த வரைபடம் கைகொடுக்கும். ஆனால், 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், புதிய கூரைகளுக்கும் பழைய தலைக்கணக்கையே பங்கிட வேண்டியிருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 மார்ச் 1. இம்முறை களப்பணியாளர் கையில் காகிதப் படிவத்துக்குப் பதில் கைபேசிச் செயலி. 2011இல் சோளம் நின்ற நிலத்தில் இன்று வீடு நின்றால், அதன் கதவை அவர் முதல்முறையாகத் தட்டுவார்.