புரதத்தைத் தேடும் முயல்

இலங்கைப் பெண்களுக்கு ஆகக் கூடுதலாக வரும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய்தான். மார்பில் கட்டியோடு கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு வரும் ஒரு தாய்க்கு அது புற்றுநோய் என்று உறுதியானால், அடுத்து எழும் கேள்வி அந்தக் கட்டியின் கலங்களில் ஈஸ்ட்ரஜன் வாங்கி என்ற புரதம் இருக்கிறதா என்பது. இருந்தால் தமொக்சிஃபென் போன்ற மருந்துகளால் பலன் கிடைக்க வாய்ப்புண்டு. இல்லாவிட்டால் அவற்றை விழுங்கியும் பிரயோசனமில்லை. அந்தப் புரதம் நுணுக்குக்காட்டியில் தானாகத் தெரிவதில்லை. அதைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியைச் சதைத்துண்டின் மேல் விட்டு, ஒட்டிய இடத்தை நிறமூட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு உலகெங்கும் பயன்படும் பிறபொருளெதிரிகளில் ஒன்றான எஸ்பி1 முயலிலிருந்து பெறப்பட்டது. புரதம் தேடும் ஆய்வுகூடங்களுக்கு முயல் தந்த இந்த உதவி பெரிது. ஆனால் சோதித்துப் பார்க்காத பிறபொருளெதிரியை, அது எந்த விலங்கிலிருந்து வந்தாலும், நம்பக் கூடாது என்பதே என் வாதம்.

ஒரு புரதத்தை முயலுக்கு ஊசியாக ஏற்றினால் அதன் இரத்தத்தில் பலவகைப் பிறபொருளெதிரிகள் கலவையாகத் தோன்றும். அந்த முயல் இறந்தால் அதே கலவை மீண்டும் கிடைக்காது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலியின் மண்ணீரல் கலத்தைப் புற்றுக்கலத்தோடு இணைத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரியைத் தொடர்ந்து சுரக்கும் கலங்களை உருவாக்கினார்கள். அந்த மொனோகுளோனல் முறைக்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. முயலுக்கு அது உடனே கைகூடவில்லை. இணைப்பதற்கு ஏற்ற முயல் புற்றுக்கலம் இருக்கவில்லை. சிக்காகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் நைட்டின் குழு அப்படியொரு கலத்தை உருவாக்கி 1995இல்தான் முடிவை வெளியிட்டது. இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. மனிதப் புரதங்கள் பல சுண்டெலியின் புரதங்களை மிகவும் ஒத்தவை; தன் உடலிலேயே உள்ளதைப் போன்ற ஒன்றைச் சுண்டெலி பெரும்பாலும் அந்நியமாகக் கருதுவதில்லை. அப்படிப்பட்ட புரதத்துக்கும் முயல் எதிர்வினை காட்டுவதுண்டு. தவிர, முயல் தன் பிறபொருளெதிரிகளின் பரம்பரையலகுகளைக் குடல்வாலில் வைத்தே மாற்றி மாற்றிப் பெருக்கிக்கொள்கிறது, பிறகும் கூர்மையாக்குகிறது. அதனால் அவை தம் இலக்கை மிக இறுக்கமாகப் பற்றுகின்றன.

கனடாவின் வன்கூவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மார்புப் புற்றுநோயாளரின் சதைத்துண்டுகளில் எஸ்பி1ஐயும் பழைய சுண்டெலிப் பிறபொருளெதிரி ஒன்றையும் ஒப்பிட்டு 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை முயலுடையதே கூடுதல் சரியாகக் காட்டியது. இதை வைத்து முயல்தான் எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதே ஈஸ்ட்ரஜன் வாங்கியின் இன்னொரு வகையான பீற்றாவுக்கு எதிரான 13 பிறபொருளெதிரிகளைச் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2017இல் அறிவித்தார்கள். அந்தப் புரதத்தை மட்டும் பற்றியது ஒன்றே ஒன்று, அதுவும் சுண்டெலியுடையது. தேறாத மற்றவற்றை நம்பி ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் வெளிவந்திருந்தன. எத்தனை ஆய்வாளரின் உழைப்பு வீணாகியிருக்கும் என்று நினைக்கையில் மனம் வலிக்கிறது.

விலை அதிகம், சிறிய ஆய்வுகூடம் எங்கே போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மலிவான பிறபொருளெதிரி பிழையான புரதத்தைக் காட்டினால் செலவிட்ட மாதங்களும் மாதிரிகளும் அதோடு போகும். முயல்களை இப்படி வருத்துவது சரியா என்பது அதைவிடக் கனமான கேள்வி. வாயில்லாச் சீவனுக்கு வீண் துன்பம் கொடுப்பதை இஸ்லாம் தடுக்கிறது. இங்கே தொழினுட்பமே ஒரு வழியைத் திறந்திருக்கிறது: நல்ல பிறபொருளெதிரி ஒன்று கிடைத்ததும் அதன் பரம்பரையலகு வரிசையை வாசித்து, வளர்ப்புக் கலங்களில் அதையே எத்தனை முறையும் உற்பத்தி செய்யலாம். அதன்பின் முயல் தேவையில்லை. 2023இல் 65 மனிதப் புரதங்களுக்கான 614 பிறபொருளெதிரிகளைச் சோதித்த ஆய்விலும் இவ்வகையே மற்றவற்றைவிட நன்றாகத் தேறியது.

அந்த ஆய்வு செய்த சோதனை புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. தேடும் புரதத்துக்கான பரம்பரையலகை நீக்கிய கலங்களையும் நீக்காத கலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புரதமே இல்லாத கலத்திலும் அதே அடையாளம் தெரிந்தால் அந்தப் பிறபொருளெதிரி வேறெதையோ பற்றுகிறது. சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள், நாளை எந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்தாலும், ஒரு குப்பியை வாங்குமுன் கேட்க வேண்டியது இந்தச் சோதனையின் படத்தைத்தான்.