மணிக்கூட்டுப் பட்டி அறுந்துவிட்டதா?

திருகோணமலையின் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் கைமணிக்கூட்டின் பட்டி நெடுநாள் தாங்காது. மணிக்கூடு நன்றாக ஓடும். பட்டிதான் வெடித்து அறும். கணவரோ மகனோ விட்டுச்சென்ற விளையாட்டு மணிக்கூட்டை இதனாலேயே பெட்டிக்குள் வைத்திருக்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. பட்டியை மாற்றினால் அதை நாமே கட்டலாம்.

முதலில், பட்டி பொருந்தும் இடைவெளியை அடிமட்டத்தால் அளவுங்கள். 18, 20, 22 மில்லிமீற்றர் அளவுகளே பெரும்பாலும் வரும். பொருந்தும் இடம் வேறு வடிவமாயின் பழைய பட்டியையும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

தோற்பட்டி வியர்வையில் ஊறி நாறும். மீன் கழுவும், தோட்டம் கொத்தும் கைகளுக்கு நைலோன் அல்லது சிலிக்கோன் நல்லது. 1973இல் பிரித்தானியப் படையினருக்கென வரையறுத்த நைலோன் பட்டி, மணிக்கூட்டின் அடியால் ஒரே நாடாவாக ஓடும். ஒரு பக்க ஊசி உடைந்தாலும் மணிக்கூடு விழாது. அந்த மாதிரி இன்று கடைகளிலும் உண்டு. ஒரு கையை இழந்தவர்களுக்கு ஒட்டிப் பிரிக்கும் வெல்குரோ பட்டி வசதியானது.

பட்டியின் இரு முனைகளையும் வில் வைத்த சிறு ஊசிகள் பிடித்திருக்கும். துணியொன்றை விரித்து அதன்மேல் வைத்து, மெல்லிய கத்தி நுனியால் ஊசியை உள்ளே அமுக்குங்கள், பட்டி கழன்றுவிடும். கவனம், ஊசி துள்ளிப் போகும். புதியதைப் பூட்டியபின் இழுத்துப் பாருங்கள்.

பட்டிக்கும் கைக்கும் இடையில் ஒரு விரல் நுழையவேண்டும். காயத் தழும்பு உள்ள கையில் உரசினால் மற்றக் கையில் கட்டுங்கள். கொக்கி பட்ட இடம் தடித்துக் கடித்தால் அதிலுள்ள நிக்கல் ஒத்துவராதிருக்கலாம். பிளாஸ்ரிக் கொக்கி தேடுங்கள். வாரமொருமுறை பட்டியைச் சவர்க்காரமிட்டு நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.