கொர்னேலியாவின் நகைப்பெட்டி

தன் நகைகளை விரித்துக் காட்டிப் பெருமைப்பட்ட விருந்தாளிப் பெண்ணைப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை பேச்சில் இருத்திவைத்து, அவர்கள் வந்ததும் ‘இவர்களே என் ஆபரணங்கள்’ என்றாராம் கொர்னேலியா. ரோமானிய வரலாற்றில் அவர் பெயர் நிலைத்ததே இந்தக் கதையால்தான். கேட்கிறவர் மனதில் பதிவது எளிமையான, அரசியலறியாத ஒரு தாயின் உருவம். அவர் வாழ்ந்த காலத்துச் சான்றோ வேறு ஆளைக் காட்டுகிறது.

முதலில் பணம். ஹனிபாலை வென்ற சிப்பியோ ஆப்பிரிக்கானஸின் இளைய மகள் அவர். ஆப்பிரிக்கானஸ் தன் இரு மகள்களுக்கும் தலைக்கு 50 தாலந்து சீதனம் பேசியிருந்தார். ஏறத்தாழ 1,300 கிலோ வெள்ளி. தாய் ஏமிலியா பெண்களின் திருவிழாக்களுக்குப் பொன் பாத்திரங்களும் பணியாளர் கூட்டமுமாகப் போனவர். இதையெல்லாம் எழுதிவைத்த பொலிபியஸ், அந்தச் சீதனத்தின் பாக்கியைக் கட்டிய சிப்பியோ ஏமிலியானஸின் நெருங்கிய நண்பர் என்பதால் ஐயப்பட இடமில்லை. நகைக் கதை நடந்தே இருக்கலாம். ஆனால் நகை இல்லாதவர் சொன்ன சொல் அல்ல அது.

அடுத்தது அரசியல். பெற்ற 12 பிள்ளைகளில் தங்கியவர்கள் மூவர்: கிராக்கஸ் சகோதரர்களான திபேரியஸ், கையஸ், மகள் செம்ப்ரோனியா. பொது நிலத்தை ஏழைகளுக்குப் பங்கிடச் சட்டம் கொண்டுவந்த திபேரியஸை கி.மு. 133இல் அடித்துக் கொன்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய நாசிகா, கொர்னேலியாவின் அக்காள் மகன். அது தகும் என்று பின்னர் சொன்ன ஏமிலியானஸோ செம்ப்ரோனியாவின் கணவர். ரோமின் உள்நாட்டுப் பகை இந்த வீட்டுக் கூடத்துக்குள்ளேயே கிடந்தது! அதிலிருந்து கொர்னேலியா மட்டும் ஒதுங்கியிருந்தார் என்று நம்புவது கடினம். கையஸ், தன் அண்ணனை எதிர்த்த ஒக்டாவியஸைக் குறிவைத்த மசோதாவைத் தாய் கேட்டுக்கொண்டதால் விலக்கிக்கொண்டதாக புளூட்டார்க் எழுதுகிறார். புளூட்டார்க் இரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர், அரசியலில் இறங்காதே என்று மகனைக் கடிந்து கொர்னேலியா எழுதியதாகக் கிடைத்திருக்கும் கடிதத் துண்டுகளும் எதிரிகளின் கைச்சரக்காக இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும். போலி என்றே கொண்டாலும், மகனின் அரசியலைத் தாய் கண்டிப்பது ரோமானியருக்கு நம்பும்படி இருந்திருந்தால்தானே போலி எடுபடும்? கொர்னேலியாவின் கடிதங்களைப் படித்ததாகவும், பிள்ளைகள் அவர் மடியில் வளர்ந்ததைவிட அவர் பேச்சில் வளர்ந்தார்கள் என்றும் சிசரோ சொல்வது தனிச் சான்று.

கி.மு. 121இல் கையஸும் மாண்டார். மறுமணம் கேட்ட எகிப்து மன்னன் தாலமியை முன்பே மறுத்திருந்த கொர்னேலியா, மிசேனம் கடற்கரை மாளிகையில் கிரேக்க அறிஞர்கள் சூழ வாழ்ந்தார். மகன்களின் முடிவைப் பழைய வரலாறு சொல்வதுபோல் கண்ணீரில்லாமல் சொன்னாராம். முதுமையில் மனம் மரத்துவிட்டது என்றார்கள் சிலர். வரலாறாகச் சொல்லத் தெரிந்தவருக்கு மரத்த மனம் என்று பெயர் வைப்பது, நகைக் கதையைப் போலவே, அவரைச் சின்னதாக்கும் வேலை.

ரோமில் அவருக்கு வைத்த சிலையின் பீடம் 1878இல் கிடைத்தது. ஆப்பிரிக்கானஸின் மகள், கிராக்கஸ் சகோதரர்களுடையவள் என்பதே அதிலுள்ள எழுத்து; சிலை இல்லை.