கிரிஸ்டல் வந்துடுச்சு... ஆனா அது எந்த கிரிஸ்டல்?

பச்சை லேசர் பாயின்டர் எல்லாரும் பாத்திருப்பீங்க. அந்த மாதிரி பாயின்டர்கள் பலதுல முதலில் உருவாகுறது பச்சை ஒளியே இல்லை. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, நம்ம கண்ணுக்குத் தெரியாது. அது பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் என்ற ஒரு குட்டி கிரிஸ்டல் வழியா போகும்போது அலைநீளம் சரிபாதியாகி, 532 நானோமீட்டர் பச்சையா வெளியே வருது.

எப்படி? வில்லியனூர் தேர்த் திருவிழாவுல ஸ்பீக்கர் சவுண்டை முழுசா ஏத்தினா குரல் கரகரன்னு ஆகும் இல்லையா? அந்தக் கரகரப்புல பாடுறவர் பாடாத புது அதிர்வெண்கள் இருக்கும். கிரிஸ்டலுக்குள்ள இருக்கிற எலக்ட்ரான்களும் அப்படித்தான். சாதாரண வெளிச்சத்துக்கு ஒழுங்கா ஆடும். லேசர் மாதிரி பலமான ஒளி பட்டா ஆட்டம் பிசகி, இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் புது ஒளி பிறக்கும். இதுதான் நேரியல் அல்லாத ஒளியியல், சுருக்கமா என்எல்ஓ. 1961-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனின் குழு, ரூபி லேசரின் 694 நானோமீட்டர் ஒளியை குவார்ட்ஸ் வழியா அனுப்பி 347 நானோமீட்டர் ஒளியை எடுத்துக் காட்டியது.

எல்லா கிரிஸ்டலும் இதைச் செய்யாது. உள்ளே அணுக்கள் ஒரு மையப் புள்ளியைச் சுற்றி எதிரெதிரா சமமா அமைஞ்சிருந்தா, சம பலமுள்ள இரண்டு அணி வடம் இழுக்கிற மாதிரி எல்லாம் ரத்தாகிடும். அந்த மையச் சமச்சீர் இல்லாத கிரிஸ்டல்தான் நமக்கு வேணும்.

இங்கேதான் செமிஆர்கானிக் வருது. ஆர்கானிக் மூலக்கூறுகள் ஒளியை நல்லா மாத்தும், ஆனா கிரிஸ்டல் மென்மையா இருக்கும், சூடும் அதிகம் தாங்காது. இனார்கானிக் உப்புகள் உறுதியானவை, ஆனா அவற்றில் பலதுக்கு ஒளியை மாத்துற திறன் குறைவு. இரண்டையும் ஒரே கிரிஸ்டலில் பிணைச்சா? ஜிங்க் ட்ரிஸ் தயோயூரியா சல்பேட் நல்ல உதாரணம். அதுல பாதி, பாகூர் பக்கம் நெல் விவசாயிகளுக்குப் பழக்கமான ஜிங்க் சல்பேட். ஒரு மோல் ஜிங்க் சல்பேட்டுக்கு மூணு மோல் தயோயூரியா தண்ணியில கரைச்சு, வடிகட்டி, ஓட்டை போட்ட தாளால் பீக்கரை மூடி, ஆடாம அசையாம வெச்சா கிரிஸ்டல் மெதுவா வளரும். (தயோயூரியா நச்சுப்பொருள். வீட்ல முயற்சி வேண்டாம்.)

பெரிய உலை தேவையில்லாத இந்த முறை தமிழ்நாட்டு காலேஜ் லேப்களில் நல்லா பரவினதுல ஆச்சரியமே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டல் வளர்ப்புக்கென்றே தனி மையம் இருக்கு. கரைசலிலிருந்து ஒரே திசையில் நீளமா கிரிஸ்டல் வளர்க்கும் எஸ்ஆர் முறையை 2005-ல் வெளியிட்ட சங்கரநாராயணனும் ராமசாமியும் நம்ம ஆட்கள்தான். அவங்க பெயர்களின் முதல் எழுத்துதான் அந்த எஸ், ஆர்.

ஆனா ஒரு பெரிய சிக்கல். மரக்காணம் உப்பளத்தை நினைச்சுக்கோங்க. கடல் தண்ணியில எல்லா உப்பும் கலந்துதான் இருக்கு. வெயில்ல வத்தும்போது எல்லாம் சேர்ந்து ஒரே "கடல் கிரிஸ்டலா" வராது. முதலில் ஜிப்சம், அப்புறம் சோத்துப்பு, கடைசியில மக்னீசியம் உப்புகள் நிறைஞ்ச கசப்புத் தண்ணி மிஞ்சும். குறைவா கரையுறது முதல்ல வெளியே வரும்.

பீக்கரிலும் அதேதான் நடக்கலாம். கிளைசினையும் ஒரு உப்பையும் கலக்கிறோம், அழகான கிரிஸ்டல் வருது, இரண்டு பெயரையும் சேர்த்துப் புதுப் பெயர் வைக்கிறோம். உண்மையில் வந்தது வெறும் கிளைசினா இருக்கலாம்! இதுல இன்னொரு குழப்பம்: கிளைசினுக்குப் பல வடிவங்கள். ஆல்ஃபா வடிவத்தில் மையச் சமச்சீர் உண்டு, காமா வடிவத்தில் கிடையாது. சில உப்புகள் கரைசலில் இருந்தாலே காமா வடிவம் வளரும். அதைத் தூளாக்கி லேசர் அடிச்சா பச்சை தெரியும். பச்சை வந்ததால புது கிரிஸ்டல்னு முடிவு கட்டினா தப்பு.

இது கற்பனைக் கவலை இல்லை. 2010-ல் ஃபிளெக், பெட்ரோஸ்யான் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமினோ அமில உப்புகள் பற்றி வெளியான கட்டுரைகளை அலசி, புதுசுன்னு சொல்லப்பட்ட பல கிரிஸ்டல்கள் அப்படி இல்லைன்னு எழுதினாங்க. கோவா பல்கலைக்கழகத்தின் ஸ்ரீனிவாசனும் இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொடர்ந்து கேள்வி கேட்டு எழுதினவர். ஒரு தப்பான பெயர் அச்சில் ஏறிட்டா, அடுத்தவங்க அதே பெயரை நம்பி, அதே செய்முறையில் மாசக்கணக்கா உழைப்பாங்க.

அதனால என்எல்ஓ ப்ராஜெக்ட் எடுக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, எக்ஸ்-ரே அளவுகளை நீங்க பீக்கரில் போட்ட மூலப்பொருட்களின் அளவுகளோட முதல்ல ஒப்பிடுங்க. அவற்றின் எல்லா வடிவங்களோடும். இரண்டு, யூனிட் செல் அளவோட நிறுத்தாம, முழு அணு அமைப்பையும் தீர்க்கச் சொல்லிக் கேளுங்க. மூணு, தனிமப் பகுப்பாய்வு செஞ்சு நீங்க சொல்ற விகிதம் கிரிஸ்டலில் இருக்கான்னு பாருங்க. வந்தது பழைய கிளைசின்தான்னு தெரிஞ்சா, ரிப்போர்ட்ல அப்படியே எழுதுங்க. அதே இரண்டு பொருளை அடுத்து கலக்கப் போற ஜூனியருக்கு ஒரு செமஸ்டர் மிச்சம்.