பிளாங்கெட்டின் நிறத்தை நம்பலாமா?

உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரைச் சொருகும் துளை பச்சை, மைக் துளை ரோஸ். பழைய கம்ப்யூட்டர்களில் கீபோர்டுக்கு ஊதா, மானிட்டருக்கு நீலம். மைக்ரோசாப்டும் இன்டெல்லும் சேர்ந்து வெளியிட்ட 'பிசி 99' வழிகாட்டியில் உள்ள நிறங்கள் இவை. இந்த நிறங்களைப் பின்பற்றும் மதர்போர்டு எந்தக் கம்பெனியுடையது என்றாலும் நிறம் பார்த்துப் பொருத்திவிடலாம்.

ஆனால் எல்லா இடத்திலும் நிறத்தை இப்படி நம்ப முடியாது. நல்ல உதாரணம், ஆப்செட் மெஷினில் உள்ள பிளாங்கெட்.

பிளாங்கெட் என்றால் என்ன?

கிள்ளையில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விழா அழைப்பிதழை டிசைன் செய்து, பென் டிரைவில் சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ எடுத்துச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சகத்தில் உங்கள் ஃபைலை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளேட் தயாரிப்பார்கள்.

1713-ல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சானபோது, மை தடவிய எழுத்து நேராகத் தாளில் பதிந்தது. அதனால் எழுத்துகளைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வார்க்க வேண்டியிருந்தது. ஆப்செட்டில் பிளேட் தாளைத் தொடுவதே இல்லை. பிளேட்டிலிருந்து மை முதலில் உருளையில் சுற்றிய ஒரு ரப்பர் விரிப்புக்குப் போகிறது. அங்கிருந்து தாளுக்கு வருகிறது. அந்த விரிப்புதான் பிளாங்கெட். ரப்பர் அமுங்கிக் கொடுப்பதால் சொரசொரப்பான தாளிலும் படம் நன்றாகப் பதியும்.

நீல மைக்கு நீல பிளாங்கெட்டா?

இல்லை. நான்கு மைக்கும் நீல பிளாங்கெட்டே இருக்கலாம். தன் ரகங்களை அடையாளம் காட்டத் தயாரிப்பாளர் ரப்பரில் கலக்கும் நிறம் அது. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி கிடையாது. ஒரு கம்பெனியின் நீலமும் இன்னொரு கம்பெனியின் நீலமும் வேறு வேறு சரக்காக இருக்கலாம்.

"பழையது நீலம், அதையே கொடுங்கள்" என்று வாங்கினால் சிக்கல்தான். சாதாரண எண்ணெய் மைக்கு நைட்ரைல் ரப்பர். புற ஊதா ஒளியில் உலரும் யுவி மைக்கு இபிடிஎம் ரப்பர். மாற்றிப் போட்டால் ரப்பர் உப்பி அச்சு கெடும். தடிமனிலும் 1.68 மி.மீ., 1.95 மி.மீ. என ரகங்கள் உண்டு. மாறினால் அழுத்தம் மாறும்.

எனவே பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. கம்பெனி, ரகம், தடிமன் ஆகிய மூன்றையும்தான். முதுகுப்புறத் துணியில் கோடுகளும் இருக்கும். உருளையைச் சுற்றி எந்தத் திசை வர வேண்டும் என்பதை அவை காட்டும். அந்தத் திசையில்தான் துணி குறைவாக நீளும். குறுக்காக மாட்டினால் பிளாங்கெட் இழுபட்டு, நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது.

உங்களுக்கு என்ன பயன்?

அழைப்பிதழில் ஓரிடம் வெளிறியிருந்தால், வெட்டாத தாள்கள் நாலைந்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் வெளிறியிருந்து, உங்கள் ஃபைலில் அது இல்லையென்றால், கோளாறு மெஷினில். மடிந்த தாள் உள்ளே போய் பிளாங்கெட்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். பிளேட்டிலும் குறை இருக்கலாம். பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

அழைப்பிதழ் முழுக்க நிறம் மங்கலாக இருந்தால், முதலில் உங்கள் ஃபைலைப் பாருங்கள். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அதன் பளிச்சென்ற நிறங்கள் பலவற்றை நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. டிசைன் செய்யும்போதே சிஎம்ஒய்கே முறையைத் தேர்ந்தெடுங்கள். மொத்தமாக அடிக்கும் முன் ஒரு புரூப் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.