கிராம சபையின் பயனும் செலவும்

மக்கள் தாமே ஓரிடத்தில் கூடி முடிவெடுப்பது நேரடி மக்களாட்சி. நம் நாட்டில் அதற்கு நெருங்கிய வடிவம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு ஒரு சபை. கேரளத்தில் வார்டுதோறும் ஒரு சபை. 1996இல் கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு வழங்க முடிவு செய்தது. எந்தச் சாலையைச் செப்பனிடுவது, யாருக்கு வீடு வழங்குவது என்பவற்றை மக்களே சபையில் பேசினர். பயனாளிகள் பட்டியல் யாவரும் அறிய வாசிக்கப்படுவதால் முறைகேட்டுக்கு இடம் குறைகிறது.

ஆயினும் இதற்கும் செலவு உண்டு. வேலை நேரத்தில் சபைக்கு வரும் கூலித் தொழிலாளி தம் ஊதியத்தை இழக்கிறார். அதற்கு அஞ்சி அவர் வராவிடில், வந்தவர்களின் தேவையே ஊரின் தேவையாகிவிடும். ஆகவே, உழைப்போர் வரத்தக்க நேரத்தில் சபையைக் கூட்டுவதே முறை.